சுரங்கத்துக்கு 27 ஆண்டு, காவலுக்கு எத்தனை ஆண்டு?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் ஒரு நண்பர் கேட்டார்: "அலாஸ்காவில் தங்கச் சுரங்கம் வருகிறது என்றால் அதற்கு இந்த ஊரில் எதற்கய்யா கூட்டம்?" நியாயமான கேள்வி. பதில் உங்கள் கழுத்தில் இருக்கிறது. காதில் இருக்கிறது. பேங்க் லாக்கரில் இருக்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கும் அடகுக் கடையிலும் கொஞ்சம் இருக்கலாம். உலகத்திலேயே தங்கம் அதிகம் வாங்கும் நாடுகள் இரண்டு: ஒன்று சீனா, மற்றது நாம். 2024இல் இந்தியா வாங்கிய தங்கம் சுமார் 800 டன். இன்று நான் பேசப்போகும் சுரங்கத்தில், வெட்டி எடுத்தால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் தங்கம் மொத்தமும் சுமார் 1,050 டன். ஒரு மலைத்தொடரையே குடைந்து எடுத்தாலும் அது நமக்கு ஒன்றேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே காணும். அவ்வளவுதான்.

அந்த ஒன்றேகால் வருஷத்துத் தங்கத்துக்கு என்ன விலை கொடுக்கப் போகிறார்கள்? யார் கொடுக்கப் போகிறார்கள்? எத்தனை காலத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள்? இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு. முதல் இரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நான் அதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அலாஸ்காவின் தென்மேற்கில் கஸ்கோக்விம் என்று ஒரு ஆறு. சுமார் 1,130 கிலோமீட்டர் ஓடி பெரிங் கடலில் கலக்கிறது. அதன் கரையில் யூப்பிக் மக்களின் ஊர்கள்; மேலே போகப் போக அத்தபாஸ்கன் மக்களும் உண்டு. வெளியுலகத்திலிருந்து அந்த வட்டாரத்துக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு, மற்ற நாட்களில் சின்ன விமானம். குளிர்காலத்தில் ஆறே சாலையாகிவிடும். உறைந்த பனிக்கட்டியைச் செதுக்கிவிட்டு அதன்மேல் காரும் டிரக்கும் ஓட்டுகிறார்கள். வட்டாரத்தின் பெரிய ஊர் பெத்தேல். பெரிய ஊர் என்றால் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தரப் பஞ்சாயத்து.

அந்த ஆற்றின் நடுப்பகுதியில் குரூக்கட் கிரீக் என்ற சிற்றூர். அங்கிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது டான்லின். அங்கே ஓடையில் தங்கத் துகள் கண்டது 1909இல். மண்ணை அரித்து எடுக்கும் சின்ன வேலை பல காலம் நடந்தது. பாறைக்குள் இருக்கும் பெரிய தங்கத்தைத் தேடித் துளை போடும் பெரிய வேலை 1990களில் தொடங்கியது. இன்றைக்கு உலகத்தில் இன்னும் தோண்டப்படாமல் கிடக்கும் மிகப் பெரிய தங்கப் படிவங்களில் டான்லினும் ஒன்று.

திட்டம் எவ்வளவு பெரியது? குழி மட்டும் நீளத்தில் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர், அகலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், ஆழத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆலை நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் டன்னுக்கும் மேல் தாதுவை அரைக்கும். அங்கே மின்சாரம் இல்லை. ஆகவே குக் இன்லெட் கடற்பகுதியிலிருந்து மலை தாண்டி ஐந்நூறு கிலோமீட்டருக்கு எரிவாயுக் குழாய் போட வேண்டும். டீசலும் சரக்கும் ஆற்று வழியே பார்ஜ்களில் வர வேண்டும். ஆறு உருகிக் கிடக்கும் சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நடை. அரைத்து முடித்த சேற்றைத் தேக்க சுமார் 140 மீட்டர் உயரத்தில் ஒரு கழிவணை. இத்தனையும் எத்தனை ஆண்டுக்கு? 27 ஆண்டுக்கு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன், இது உங்கள் அளவையிலேயே இருக்கிறது. டான்லினில் ஒரு டன் பாறைக்குள் இருக்கும் தங்கம் சராசரியாக இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பத்தில் ஒரு பங்கு பிரித்தெடுக்கையில் போய்விடும். ஆக, ஒரு பவுன் நகைக்கு ஏறக்குறைய நான்கு டன் தாது வேண்டும். அந்த நான்கு டன்னை எட்டுவதற்கு மேலே கிடக்கும் வெறும் பாறையைப் பெயர்த்துத் தள்ள வேண்டும். ஒரு பங்கு தாதுவுக்கு ஐந்தரைப் பங்கு வெறும் பாறை. கூட்டினால் ஒரு பவுனுக்கு சுமார் 25 டன். நாற்பது பவுன் போட்டு ஒரு கல்யாணம் என்றால் ஆயிரம் டன். பெண்ணின் தகப்பனார் வட்டிக் கடையில் நிற்கும்போது இந்த ஆயிரம் டன் அவர் கண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அது எங்கோ ஒரு மூலையில் குவிந்துதான் கிடக்கும்.

குவிந்து கிடந்தால் என்ன, கல்தானே என்று கேட்கலாம். வெறும் கல் என்றால் இந்தக் கூட்டமே வேண்டாம். டான்லின் தங்கம் சுலபத்தில் வெளியே வராத தங்கம். ஆர்செனிக் கலந்த கந்தகக் கனிமத்துக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அதே பாறையில் பாதரசமும் இருக்கிறது, ஆன்டிமனியும் இருக்கிறது. பாறையைப் பொடியாக்கி, நுரையில் மிதக்கவிட்டு, பெரிய அழுத்தக் கலனில் ஆக்சிஜனோடு வேகவைத்து, அதற்குப் பிறகு சயனைடு கரைசலில் ஊறவைத்தால்தான் தங்கம் பிரியும். தங்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கும்.

அந்த மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்களுக்கு ஆறு என்றால் மீன். கோடையில் குடும்பத்தோடு ஆற்றோரக் குடிசைக்குப் போய், சால்மனைப் பிடித்து, நீளவாக்கில் கீறி, பரணில் தொங்கவிட்டு, புகை போட்டு, வருஷத்துக்கும் சேர்த்து வைப்பார்கள். கடையில் வாங்கிச் சாப்பிடலாமே என்று சொல்லாதீர்கள். அங்கே எல்லாச் சரக்கும் விமானத்திலோ பார்ஜிலோதான் வருகிறது, விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். மீன் இல்லையென்றால் பனிக்காலத்தில் பானை காலி. கசப்பான செய்தி, அந்த மீன் ஏற்கெனவே குறைந்துவிட்டது. கிங் சால்மன் 2010 வாக்கில் சரியத் தொடங்கியது. சம் சால்மன் 2020க்குப் பிறகு விழுந்தது. வலை போடும் நாட்களை எண்ணி எண்ணி அனுமதிக்கிறார்கள். சுரங்கம் இன்னும் வரவில்லை, ஆகவே இந்தச் சரிவைச் சுரங்கத்தின் மேல் போட முடியாது. கடல் சூடானது ஒரு காரணம், வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆனால் ஏற்கெனவே மெலிந்துபோன ஒருவன் தலையில் மூட்டை ஏற்றுகிறோமா என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பார்ஜ்கள் போகும் வழியில்தான் ஸ்மெல்ட் என்ற, நம் மத்தி அளவுள்ள மீன், வசந்தத்தில் கூட்டம் கூட்டமாக ஏறி வந்து முட்டையிடுகிறது. பார்ஜின் அலை அந்த முட்டையை என்ன செய்யும் என்பது கீழாற்று ஊர்களின் கேள்வி.

பாதரசமும் அந்த ஆற்றுக்குப் புதிதில்லை. குரூக்கட் கிரீக்குக்கு மேலே ஆற்றங்கரையில் ரெட் டெவில் என்ற சுரங்கம் 1933இலிருந்து 1971 வரை நடந்தது. அலாஸ்காவிலேயே பாதரசம் அதிகம் எடுத்த சுரங்கம் அது. நடத்தியவர்கள் போய்விட்டார்கள். மீந்த கழிவைச் சுத்தம் செய்யும் வேலை இன்றைக்கு அமெரிக்க அரசின் தலையில். சுரங்கம் மூடி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை கேட்டவர்கள் மனத்தில் ஒரு படம் வந்திருக்கும். ஒரு பக்கம் பேராசை பிடித்த கம்பெனி, மறுபக்கம் அப்பாவிப் பழங்குடிகள். படம் சுலபம். ஆனால் படம் தப்பு. ஏன் தப்பு? டான்லின் நிலம் யாருடையது? அந்தப் பழங்குடி மக்களுடையதேதான்!

கதை கொஞ்சம் பழையது. 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நூறு வருஷம் கழித்து எண்ணெய் கிடைத்தது, குழாய் போட வேண்டியிருந்தது, நிலம் யாருடையது என்ற கேள்வி வந்தது. அப்போதுதான் 1971 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96 கோடி டாலருக்கு மேல் பணமும் பூர்வகுடிகளுக்கு என்றார்கள். ஆனால் நிலத்தை ஊர்ச் சபைகளின் பெயரிலோ பழங்குடி அரசுகளின் பெயரிலோ எழுதவில்லை. கம்பெனிகளை உண்டாக்கி, அந்தக் கம்பெனிகளின் பெயரில் எழுதினார்கள். மக்கள் பங்குதாரர்கள். பாட்டன் வேட்டையாடிய காடு, பேரன் கையில் பங்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது.

டான்லினில் நிலத்தின் மேற்பரப்பு கஸ்கோக்விம் கார்ப்பரேஷனுடையது. ஆற்றின் நடுப்பகுதியிலுள்ள பத்து ஊர்க் கம்பெனிகள் 1977இல் ஒன்று சேர்ந்த அமைப்பு அது. நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமம் கலிஸ்டா கார்ப்பரேஷனுடையது. கலிஸ்டா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே கனிமம் இருக்கும் என்பதற்காகத்தான். இரண்டு கம்பெனிகளும் சுரங்கத்தை ஆதரிக்கின்றன. அதே மக்களின் ஊர்ப் பழங்குடி அரசுகள் பலவும் எதிர்க்கின்றன. 56 பழங்குடி அரசுகளைக் கொண்ட அந்த வட்டாரத்தின் கிராம சபைத் தலைவர்கள் சங்கம் முதலில் ஆதரவாகத்தான் இருந்தது. 2019இல் எதிர்ப்பு என்று தீர்மானம் போட்டது. ஒரே வீட்டில் அண்ணன் பங்குதாரராகக் கைதூக்குவார், தங்கை ஊர்ச்சபையில் எதிர்த்துக் கைதூக்குவாள். சில வேளை அண்ணனும் தங்கையும் ஒரே ஆளாகவே இருப்பார்கள்.

ஆதரிப்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவிலேயே வறுமை மிகுந்த வட்டாரங்களில் அது ஒன்று. வேலை இல்லை. இளைஞர்கள் ஆங்கரேஜ் நகரத்துக்குப் போகிறார்கள், திரும்புவதில்லை. ஒரு ஊரில் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கீழே குறைந்தால் மாநில நிதி பெரும்பகுதி நின்றுபோய்ப் பள்ளியையே மூட வேண்டிய நிலை. பள்ளி மூடினால் ஊரும் கரைந்துவிடும். இந்த நிலையில் கட்டும்போது மூவாயிரம் பேருக்கு வேலை, ஓடும்போது ஆயிரம் பேர் அளவுக்கு வேலை என்று கம்பெனி சொன்னால், பிள்ளை பெற்றவர்கள் அதைக் கேட்கத்தானே செய்வார்கள்? இன்னொன்றும் உண்டு. கலிஸ்டாவுக்குக் கனிமத்தில் வரும் வருமானத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு, அதே 1971 சட்டத்தின்படி, அலாஸ்காவின் பன்னிரண்டு வட்டாரக் கம்பெனிகளுக்கும் பகிரப்படும். ஆகவே ஆதாயம் மாநிலம் முழுக்கப் போகும். பாடு? பாடு ஒரே ஒரு ஆற்றங்கரையில் நிற்கும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எத்தனை காலம்?

27 ஆண்டு முடிந்து ஆலையை நிறுத்திவிடுவார்கள். குழி இருக்கும். அதில் மழையும் ஊற்றும் சேர்ந்து ஏரியாகும். அது நிரம்ப ஐம்பது வருஷம் போல ஆகும். அந்த ஏரித் தண்ணீரில் பாறையின் ஆர்செனிக்கும் மற்ற உலோகங்களும் கரைந்திருக்கும். ஏரி வழிந்தால் ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும். ஆகவே வழியாமல் இறைத்து, சுத்திகரித்து, பிறகு ஓடையில் விட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு? திட்டத்தின் சொந்த ஆவணமே சொல்கிறது: முடிவில்லாமல். நூறு வருஷம் இல்லை, ஐந்நூறு வருஷம் இல்லை. முடிவில்லாமல்! சோழர் காலத்தில் அப்படி ஒரு சுரங்கம் தோண்டியிருந்தால் இன்றைக்கும் நாம் முறை வைத்து பம்புசெட் ஓட்டிக்கொண்டிருப்போம்.

யார் காவல் இருப்பது? இதைத்தான் கேட்கிறேன். யார் காவல்?

வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். வடக்கில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. கனடாவின் வடமேற்கில் எல்லோநைஃப் என்ற நகரம். அதன் ஓரத்தில் ஜெயன்ட் சுரங்கம், 1948இல் தொடங்கியது. அங்கேயும் தங்கம் ஆர்செனிக் கலந்த பாறைக்குள்தான் இருந்தது. அந்தக் காலத்து வழி, பாறைப் பொடியைச் சூளையில் வறுப்பது. வறுத்தால் தங்கம் பிரியும், ஆர்செனிக் வெள்ளைத் தூசாகப் புகையோடு போகும். முதல் ஆண்டுகளில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. தூசு பனியில் படிந்தது. அங்கே வாழ்ந்த டெனே மக்கள் பனியை உருக்கித்தான் குடிப்பார்கள். 1951இல் ஒரு டெனே குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை ஆர்செனிக் விஷத்தில் இறந்தது. கம்பெனி கொடுத்த இழப்பீடு 750 டாலர்.

அதற்குப் பிறகு தூசைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பிடித்து எங்கே வைத்தார்கள்? அதே சுரங்கத்துக்குள், பூமிக்கு அடியில், அறை அறையாகக் கொட்டினார்கள். நிலம் உறைந்திருக்கிறது, பனி காவல் காக்கும் என்று நம்பினார்கள். சுரங்கம் வெட்ட வெட்டச் சூடு உள்ளே போய் அந்த உறைநிலமே இளகியது. நடத்திவந்த கம்பெனி 1999இல் திவாலானது. சாவி அரசின் கைக்கு வந்தது. சாவியோடு சேர்ந்து வந்தது 2,37,000 டன் ஆர்செனிக் டிரையாக்சைடு. அந்தச் சுரங்கம் தன் ஆயுள் முழுவதும் கொடுத்த தங்கம் சுமார் 220 டன். வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் தங்கத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் விஷத்தூசு. ஒரு பவுனுக்கு எட்டுக் கிலோ. இப்போது என்ன செய்கிறார்கள்? அறைகளைச் சுற்றிக் குழாய் இறக்கி, செயற்கையாக உறையவைத்து, உறைந்தபடியே வைத்திருக்கப் போகிறார்கள். செலவு 400 கோடி கனடிய டாலருக்கு மேல். கொடுப்பது அரசு, அதாவது வரி கட்டும் ஜனம். தங்கம் எங்கே போனது? யாருக்குத் தெரியும்! ஒருவேளை அதில் ஒரு துளி இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். உருக்கிய தங்கத்துக்கு ஊர்ப்பெயர் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டான்லினில் சூளையில் வறுக்கப் போவதில்லை. மூடிய அழுத்தக் கலன், பாதரசத்தைப் பிடிக்கும் கருவி எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. 1948இன் பொறியாளரும் இன்றைய பொறியாளரும் ஒன்றில்லை. என் சந்தேகம் பொறியாளர் மேல் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவர் பேரன் ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பம்பின் பக்கத்தில் யார் நிற்பார் என்பதில்தான்.

கம்பெனி நிற்குமா? டான்லினின் வரலாற்றையே பாருங்கள். 1990களில் அங்கே தேடிய பெரிய கம்பெனி பிளேசர் டோம். 2001இல் நோவாகோல்டு வந்தது. 2006இல் பிளேசர் டோமையே பாரிக் விழுங்கிவிட்டது. இன்று பிளேசர் டோம் என்ற பெயரில் கம்பெனியே இல்லை. பிறகு பாரிக்கும் நோவாகோல்டும் பாதிக்குப் பாதி. 2025இல் பாரிக் தன் பாதியை 100 கோடி டாலருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டியது. வாங்கியவர்களில் பெரும்பங்கு ஜான் பால்சன் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் நிறுவனத்துக்கு. இன்னும் ஒரு மண்வெட்டி மண் எடுக்கவில்லை, அதற்குள் இத்தனை கைமாற்றம். முப்பது வருஷத்தில் இத்தனை பேர் கை மாறிய சொத்துக்கு, முடிவில்லாத காலத்துக்குக் காவல் இருப்போம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எந்தப் பதிவாளர் அலுவலகத்தில் இந்தப் பத்திரம் செல்லும்?

பிணைத்தொகை வாங்கி வைத்து அதன் வட்டியில் காலகாலத்துக்கும் சுத்திகரிப்போம் என்பது பதில். நல்ல பதில்தான். நம்மிடமும் கோயிலில் அணையா விளக்குக்கு ஆடும் பொன்னும் எழுதி வைத்த கல்வெட்டுகள் ஏராளம். கல்வெட்டு இருக்கிறது. விளக்கு எத்தனை கோயிலில் எரிகிறது?

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? கனடாவின் யூகானில் ஈகிள் என்ற தங்கச் சுரங்கம் 2019இல் உற்பத்தி தொடங்கியது. நவீனச் சுரங்கம், நவீன அனுமதிகள். 2024 ஜூன் 24 அன்று சயனைடு தெளித்து வைத்திருந்த தாதுக் குவியல் சரிந்தது. ஆகஸ்டிலேயே கம்பெனி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது. ஐந்து வருஷம்! பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுன்ட் பாலி கழிவணை 2014 ஆகஸ்டில் உடைந்து சுமார் இரண்டரைக் கோடி கன மீட்டர் தண்ணீரும் சேறும் ஏரிகளுக்குள் பாய்ந்தது. பிரேசிலில் புருமாடின்யோ கழிவணை உடைப்பு, 2019 ஜனவரி, 270 உயிர்கள்.

டான்லின் வழக்கு சுற்றுவதும் இதைத்தான். அமெரிக்க அரசு 2018இல் முக்கிய அனுமதிகளைக் கொடுத்தது. ஆற்றோரப் பழங்குடி அரசுகள் சில 2023இல் வழக்குத் தொடுத்தன. கழிவணை உடைந்தால் என்ன ஆகும் என்று அரசு ஆராய்ந்தபோது, அணையில் இருப்பதில் நூற்றில் அரைப் பங்கு வெளியே வரும் என்று மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார்கள். மவுன்ட் பாலிக்குப் பிறகும், பிரேசிலின் மரியானா கழிவணை உடைப்புக்குப் பிறகும், அரைப் பங்கு! 2024 செப்டம்பர் 30இல் நீதிபதி ஷாரன் கிளீசன், பெரிய உடைப்பை ஆராயாதது சட்டப்படி குறை என்று தீர்ப்பளித்தார். 2025 ஜூனில் அவர் அனுமதிகளை ரத்துசெய்யவில்லை. ஆராய்ச்சியைத் திரும்பச் செய்யுங்கள் என்று அனுப்பினார். அதற்குள் தங்கத்தின் விலை ஏறியது. 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற, எட்டாத மலையெல்லாம் எட்டிவிடும்.

அதே அக்டோபரில் வேறொன்றும் நடந்தது. ஹாலோங் என்ற புயலின் மிச்சம் கஸ்கோக்விம் முகத்துவாரத்துப் பக்கக் கடலோரத்தை அடித்தது. கிப்னக், க்விகில்லிங்கோக் என்ற ஊர்களில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு மிதந்து போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் வெளியேற்றினார்கள். அந்த நிலம் இளகிக்கொண்டிருக்கிறது, அந்த வானிலை மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஐந்நூறு வருஷத்து மழையை எந்த அட்டவணையில் பார்த்து அணை கட்டுவது?

நமக்குக் கோலார் தெரியும். இந்த மண்டபத்தில் யாருக்காவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பார். வடஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்தார்கள். நூற்றிருபது ஆண்டில் 800 டன் அளவுக்குத் தங்கம். 2001 பிப்ரவரி 28இல் கதவை மூடினார்கள். தங்கம் லண்டனுக்கும் போனது, டெல்லிக்கும் போனது. மூன்று கோடி டன்னுக்கு மேல் சயனைடு மண் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசு யார் வீட்டுத் திண்ணையில் படிகிறது? சுரங்கத்தில் இறங்கியவன் வீட்டுத் திண்ணையில்தான். கோலார் நூற்றிருபது ஆண்டில் எடுத்ததை விட அதிகத்தை டான்லின் 27 ஆண்டில் எடுக்கப் பார்க்கிறது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தங்கமே கூடாது என்று பேச நான் வரவில்லை. சொன்னால் என் வீட்டிலேயே எடுபடாது. சுரங்கமே கூடாது என்றும் சொல்லவில்லை. மூடிய பிறகு இத்தனை ஆண்டில் நிலம் தன் காலில் நிற்கும், அதற்குப் பிறகு காவல் வேண்டாம் என்று காட்ட முடிகிற சுரங்கத்தைத் தோண்டட்டும். காவலுக்கு முடிவே இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கிற சுரங்கத்துக்கு எந்த அரசும் கையெழுத்துப் போடக் கூடாது. போடுகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இன்னும் பிறக்காதவர்களின் பெயரில் கையெழுத்துப் போட யாரும் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. அதே அலாஸ்காவில் பிரிஸ்டல் பே பக்கத்துப் பெபிள் சுரங்கத் திட்டத்தை 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடுத்து நிறுத்தியது. தடுக்க முடியாது என்று எதுவும் இல்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. கல்யாணத்துக்கு நகை செய்யும்போது பீரோவில் கிடக்கும் பழசை உருக்கிச் செய்யுங்கள். புதுசாகப் பூமியிலிருந்து வர வேண்டிய பவுன் ஒன்று குறைந்தாலும் 25 டன் பாறை இருந்த இடத்தில் இருக்கும். அதனால் டான்லின் நின்றுவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் மாவட்டத்தில் எந்தச் சுரங்கத்துக்காவது, எந்த ஆலைக்காவது கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால் போய் உட்காருங்கள். வேலை எத்தனை பேருக்கு என்று கேட்க ஆள் இருப்பார்கள். நீங்கள் எழுந்து, "மூடின பிறகு யார் காவல், எத்தனை வருஷம், அதற்கான பணம் இப்போது எந்த பேங்கில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.